துறைமுகக் கிண்ணத்து எட்டாம் இலக்கம்

1978ஆம் ஆண்டில், ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, பினாங்கு அணிக்கு எதிராக நான் அடித்த கோலைப் பற்றிக் கொழும்பு வெள்ளவத்தையில் கேள்விப்படாதவர்கள் இரண்டே வகை. ஒன்று, நேற்றுக் குடிவந்தவர்கள். மற்றது, என்னைத் தூரத்தில் கண்டதும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறத் தெரிந்தவர்கள்.

அது துறைமுகக் கிண்ணத்தின் முதலாவது இறுதிப்போட்டி. துறைமுகக் கிண்ணம் சின்ன விஷயம் அல்ல. கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், மொம்பாசா, கராச்சி, பம்பாய் என்று ஆறு துறைமுக நகரங்களின் ஹொக்கி அணிகள் கடல் கடந்து வந்து மோதிய சர்வதேசப் போட்டி. கராச்சி அணி கப்பலிலிருந்து இறங்கியபோது இறங்குதுறை ஒரு பக்கம் சாய்ந்தது. மொம்பாசாக்காரன் அடித்த பந்தொன்று இன்னும் மருதானைப் பக்கம் எங்கேயோ உருண்டுகொண்டிருக்கிறது. இறுதிப்போட்டிக்குப் பத்தாயிரம் பேர் வந்தார்கள். பத்திரிகையில் அறுநூறு என்றுதான் இருக்கிறது. அந்தப் பத்திரிகைக்காரன் மரங்களில் இருந்தவர்களை எண்ணவில்லை.

என் கோலோ, நடுக்கோட்டில் தொடங்கியது. பந்தை வாங்கினேன். நாலு பேரை வெட்டினேன். சில வருடங்களில் ஆறு பேரையும் வெட்டியிருக்கிறேன். பிறகு நடுக்கோட்டிலிருந்தே ஓங்கி ஓர் அடி. பினாங்கின் கோல் காப்பாளர் பனை உயரம். அவர் பந்தைக் காணவில்லை, கோலின் பின்பலகையில் பட்ட சத்தத்தை மட்டும் கேட்டார்.

இதில் ஒரேயொரு சின்னக் குறை உண்டு. அந்தக் கோலை அடித்தது நான் இல்லை. பலீல்.

நடந்தது இதுதான். இறுதிப்போட்டிக்கு முதல் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் கடிதம் வந்தது. எனக்கு அட்டமத்துச் சனி பிடித்துவிட்டதாம், சனி எட்டாம் வீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறாராம், எட்டு என்ற இலக்கத்தோடு ஒரு கொடுக்கல் வாங்கலும் வேண்டாம் என்று கொக்குவில் சாத்திரியார் சொன்னாராம். அடுத்த நாள் உடுப்பு மாற்றும் அறையில் எங்கள் கப்டன் சட்டைகளை எறிகிறார். என் மடியில் வந்து விழுந்தது எட்டாம் இலக்கம். பாம்பு விழுந்தது போலத் துள்ளி எழும்பினேன். பக்கத்தில் கொட்டாஞ்சேனைப் பலீல் பதினோராம் இலக்கச் சட்டையோடு நின்றான். "மச்சான், மாத்துவமா?" என்றேன். "எனக்கி எல்லா நம்பரும் ஒண்டுதான்" என்று கழற்றித் தந்தான். அணிப் பட்டியல் அதற்கு முன்பே கணக்கெழுதும் மேசைக்குப் போய்விட்டது. அதில் எட்டுக்கு நேரே என் பெயர்.

எழுபது நிமிடமும் புழுதி. கடைசி நிமிடத்தில் எட்டாம் இலக்கம் கோல் அடித்தது. மேசையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்தார், எழுதினார்: ஸ்ரீஸ்கந்தராசா. அடுத்த நாள் பத்திரிகையிலும் ஸ்ரீஸ்கந்தராசா.

நான் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு பலீலிடம் ஓடினேன். அவன் ஒருமுறை வாசித்தான். என்னைப் பார்த்தான். "விடு மச்சான். பேப்பர்லே வந்திட்டு. ஒன்ட கோலாவே ஈக்கட்டும்" என்றான்.

அன்று தொடங்கியது என் சந்தேகம். ஒரு மனிதன் தன் சட்டையைக் கொடுப்பான், சைக்கிளைக் கொடுப்பான். சர்வதேச இறுதிப்போட்டியில் அடித்த கோலை எவனாவது சும்மா கொடுப்பானா? ஏதோ பெரிதாகக் கேட்கப் போகிறான் என்று காத்திருந்தேன். நாற்பத்தேழு வருடமாக அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதவனை எப்படி நம்புவது? ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சட்டி இனிப்பு வட்டிலப்பம் வரும். நான் முதல் கரண்டியை வாயில் வைக்கும்போதெல்லாம், இந்த வருடம்தான் கேட்பான் என்று நினைத்துக்கொண்டே விழுங்குவேன்.

எங்களோடு விளையாடியவர்களுக்கு விஷயம் தெரியும். ஆனால் அவர்கள் இப்போது லண்டனிலும் ரொறன்ரோவிலும் கனத்தை மயானத்திலும் இருக்கிறார்கள். கொழும்பில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான்.

இப்படி நிம்மதியாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் லவினா வந்தாள்.

லவினா கொட்டாஞ்சேனைப் பிள்ளை. பாடசாலைக் காலத்தில் கோல் காப்பாளராக நின்றவள், இப்போது விளையாட்டுப் பகுதி எழுதுகிறாள். துறைமுகக் கிண்ணத்தை இந்த வருடம் மறுபடியும் கொழும்பில் நடத்துகிறார்கள். அதற்கான மலரில் கிண்ணத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பு அவளுடையது. ஒரு மத்தியானம் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கு வந்து, மேசையில் தாள்களைப் பரப்பினாள்.

"அங்கிள், முதல் வருஷம் கொழும்பு. ரெண்டாவது பினாங்கு. எண்பதிலே மொம்பாசா. சரிதானே?"

"மொம்பாசாவிலே ஒரு சிங்கம் மைதானத்துக்குள்ள வந்தது, பிள்ளை. எழுதும்."

"நாய் எண்டு கேள்விப்பட்டன்."

"தூரத்தில நிண்டவைக்கு நாய்."

அவள் எழுதவில்லை. அடுத்த தாளைப் புரட்டினாள். "எண்பத்திமூண்டு ஓகஸ்ட்டில திரும்பவும் கொழும்பு எண்டு இருக்கு. ஆனா ரிசல்ட் ஒண்டும் இல்லையே?"

எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் எங்கள் ஹொக்கி மட்டைகள் எல்லாம் வீட்டோடு எரிந்தன. "நடக்கேல்ல" என்றேன். லவினா தலையை ஆட்டிவிட்டு, "நடைபெறவில்லை" என்று மட்டும் எழுதினாள். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் கிண்ணம் சிங்கப்பூரில் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள் தூங்கி, செயற்கைப் புல்தரை வந்த பிறகு கண் விழித்த கதையை அவள் வாசித்துக் காட்டினாள். இரண்டு பாதியாக இருந்த ஆட்டம் நாலு காற்பகுதி ஆனதும், ஆட்டம் தொடங்க இரண்டு பேர் மட்டையோடு மட்டை மூன்று தரம் தட்டும் 'புல்லி' வழக்கொழிந்ததும் அதில் இருந்தன.

பிறகு பேனையைக் கீழே வைத்தாள். "அங்கிள், ஒண்டு கேக்கலாமா? நீங்க கோல் அடிச்சது நடுக்கோட்டிலே இருந்தா?"

"நடுக்கோட்டிலிருந்து ஒரு முழம் பின்னால."

"வட்டத்துக்குள்ள இருந்து அடிச்சாத்தானே ஹொக்கியிலே கோல்? வெளியிலே இருந்து அடிச்சா கணக்கில்லையே."

நாற்பத்தேழு வருடமாக இந்தக் கதையைச் சொல்கிறேன். ஒரு சனமும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வெள்ளவத்தையில் கிரிக்கெட் பார்க்கிறவர்கள்தான் அதிகம். அதுதான் என் பாதுகாப்பு. தொண்டையைச் செருமினேன். "அந்த நாளில வட்டம் பெரிசு, பிள்ளை."

லவினா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோல் காப்பாளர் பெனல்டி அடிக்க வருகிறவனைப் பார்க்கும் பார்வை. அடுப்படியிலிருந்து தேத்தண்ணீரோடு வந்த என் மனைவி நாகேஸ்வரியும் அந்தப் பார்வையைக் கண்டாள். நாகேஸ்வரி பிறவியிலேயே சந்தேகக்காரி. மீன்காரனின் தராசை, மின்சாரப் பட்டியலை, வானிலை அறிக்கையை, ஒன்றையும் நம்ப மாட்டாள். ஆனால் ஹொக்கி பார்த்தே இராததால், என் கோலை மட்டும் நம்பினாள். கலியாணப் பேச்சில் சாதகத்தோடு பத்திரிகைத் துண்டையும் வைத்து அனுப்பியவர் என் தகப்பன்.

"ரெண்டு நல்ல செய்தி, அங்கிள்," என்றாள் லவினா. "இந்த முறை தொடக்க விழாவிலே பழைய முறைப்படி புல்லி வைக்கப் போறம். அந்த முதல் ஃபைனல்லே கோல் அடிச்சவரும் பினாங்கின்ட அப்போதைய கப்டனும் மட்டை தட்டுவினம். அவருக்கு எழுபத்தாறு வயசு, வாறார்."

என் நெஞ்சு நாற்பத்தாறு அங்குலம் விரிந்தது.

"மற்றது, பினாங்கு மனேஜரின்ட பெட்டிக்குள்ள ஒரு ஃபிலிம் சுருள் இருந்திருக்கு. முழு ஃபைனலும்! கம்பியூட்டருக்கு மாத்தி அனுப்பியிருக்கினம். நான் இன்னும் திறந்து பாக்கேல்ல. வெள்ளிக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனை ஹோலிலே எல்லாரும் ஒண்டாப் பாப்பம்."

என் நெஞ்சு பழைய அளவுக்கு வந்து, அதற்கும் கீழே போனது.

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு யோசித்தேன். ஃபிலிம் திடீரென்று எப்படிக் கிளம்பும்? யார் கிளப்பியிருப்பார்கள்? இந்த உலகத்தில் அந்த ஃபிலிமால் இலாபம் அடையக்கூடியவன் ஒருவன்தான். நாற்பத்தேழு வட்டிலப்பத்துக்கும் ஒரேயடியாகக் கணக்குத் தீர்க்க வந்துவிட்டான்!

உடனே தொலைபேசி எடுத்தேன். பலீலின் மனைவி ஹமீமா பேசினாள். "சிறி அண்ணனா? அவர் ஊட்டுலே இல்ல. புதுக்கடைக்குப் போயீக்கார்."

"புதுக்கடைக்கோ? கோர்ட்டுக்கோ? என்ன விஷயமாம்?"

"எனக்கிம் செல்லல்ல. ஒரு வாரமா சரியாத் தூக்கமும் இல்ல மனிசனுக்கு. ஒங்கட பேரப் போட்டு ஏதோ கடதாசி எழுத லோயர்ட்டப் போறன் எண்டார். இன்டைக்கி மட்டும் இல்ல, முந்தநாளும் போனார்."

என் பெயரைப் போட்டு. லோயரிடம். இரண்டு தரம்.

சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி த்ரீவீலர் ஒன்றை மறித்தேன். காலி வீதி முழுவதும் எனக்கு எதிராகச் சதி செய்தது. பம்பலப்பிட்டியில் ஒரு சிவப்பு விளக்கு அரை மணித்தியாலம் எரிந்தது. சாரதி அரை நிமிடம் என்று சாதித்தான். புதுக்கடையில் இறங்கியபோது கறுப்புக் கோட்டுக்காரர்கள் எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. 'இவர்தான் பொய்க் கோல்காரர்' என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதோ என்று கன்னத்தைத் தடவிப் பார்த்தேன்.

நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக்கடை. கடைசி மூலையில், சுவரைப் பார்த்தபடி, வெள்ளைத் தொப்பியோடு பலீல். முன்னால் ஒரு கோப்பை பிளேன்ரீ, பக்கத்தில் ஒரு மண்ணிறக் கடித உறை. நான் முதுகுப்பக்கமாகப் போய், எழுபது வயதுக்காரன் ஒருவனால் முடியாத வேகத்தில் அந்த உறையைப் பறித்தேன்.

"யா அல்லாஹ்! சிறி, நீ எனத்தியன் இங்க?"

"நான் கேக்க வேண்டியதை நீ கேக்கிறாய். இது என்ன?"

"அத வை. ஒனக்கிள்ளது இல்ல அது."

"என்ர பேர் இருக்கு. எனக்குத்தான்."

உள்ளே ஒரு சத்தியக்கடதாசி. முத்திரை, கையொப்பம், சமாதான நீதவானின் சிவப்பு வட்ட முத்திரை, எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆறுமுகநாவலர் திருத்தியது போல அவ்வளவு சுத்தமான தமிழ். வாசித்தேன். ஒருமுறை வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டாம் முறை வாசித்துவிட்டு அவனுடைய பிளேன்ரீயை எடுத்துக் குடித்தேன்.

'மேற்குறித்த இறுதிப்போட்டியில் பெறப்பட்ட ஒரேயொரு கோலானது, பதிவேட்டின் பிரகாரம், திரு. ஸ்ரீஸ்கந்தராசா அவர்களாலேயே அடிக்கப்பட்டது என்றும், அதில் எனக்கு எவ்வித உரிமையும் பாத்தியதையும் கிடையாது என்றும் இத்தால் உறுதி கூறுகிறேன்.'

"பலீல்," என்றேன், "நீ கள்ளன். பெருங்கள்ளன். என்ன விளையாட்டு இது?"

"ஒனக்கி நல்லதுதானே எழுதீக்கி?"

"அதுதான்ரா சந்தேகம்! கோலை எனக்குத் தந்தாய், சரி. அதை ஏன் இப்ப முத்திரை குத்தித் தாறாய்? ஆர் கேட்டது?"

"நீ எங்க லவினாட்ட உண்மையச் செல்லிப் போடுவியோ எண்டு பயம்."

"நானோ? உண்மையோ?"

"வயசு போனா மனிசருக்கு ஒவ்வொரு புத்தி வருமே. ஃபிலிம் வேற வந்தீக்காம், லவினா போன வாரமே செல்லிட்டா. நீ பயந்து, 'அது பலீல் அடிச்ச கோல்' எண்டு எல்லார்ட்டயும் செல்லிப் போட்டா நான் எனத்தியன் செய்ற?"

கதை தலைகீழாக இருந்தது. நான் நாற்பத்தேழு வருடமாக அவன் கோலைத் திருப்பிக் கேட்பான் என்று பயந்தேன். அவன் நாற்பத்தேழு வருடமாக நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று பயந்திருக்கிறான்.

"ஏன்ரா?" என்றேன்.

பலீல் சுற்றுமுற்றும் பார்த்தான். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் வழக்குகளில் மூழ்கியிருந்தார்கள். குனிந்து, மேசைக்குக் கீழே தன் வலது காலைக் காட்டினான்.

"கால்லே பட்டுச்சு."

"என்ன பட்டது?"

"பந்து. மட்டைக்கு வாறத்துக்கு முந்திக் கால்லே பட்டுச்சு. அப்புறந்தான் அடிச்சன். கால்லே பட்டா ஃபவுல்தானே, கோல் இல்லையே. அம்பயர் கண்டுக்கல்ல, புழுதி. நான் செல்லீக்கணும். செல்லல்ல. எல்லாரும் தூக்கிட்டாங்க என்னைய, எப்படிச் செல்ற? அடுத்த நாள் நீ பேப்பரோட வந்தே. ஒன்ட பேர். அல்லாஹ்வே அனுப்பின மாதிரி ஈந்திச்சி. போகட்டும், களவுக் கோல் இவன்ட தலையிலே போகட்டும் எண்டு உட்டுட்டன்."

நான் மிச்சப் பிளேன்ரீயையும் குடித்தேன். பிறகு கேட்டேன். "அப்ப அந்த வட்டிலப்பம்?"

"மனசு கேக்கல்ல. களவுக் கோல ஒன்ட தலையிலே வெச்சிட்டனே."

நான் நம்பினேனா? பாதி. முழுக்க நம்பினால் நான் வெள்ளவத்தையில் இருந்து பிரயோசனம் இல்லை. "சத்தியக்கடதாசியிலே பொய் எழுதியிருக்கிறாயே, உனக்குப் பயமில்லையோ?" என்று கொக்கி போட்டேன்.

"எங்க பொய்? 'பதிவேட்டின் பிரகாரம்' எண்டு போட்டீக்கி, பாக்கல்லையா? அதுக்குத்தான் ரெண்டு நாள் அலஞ்சன். லோயர் தேடித் தந்த சொல்."

அந்தக் கடதாசியை அவன் அன்று பின்னேரமே மலர்க் குழுவிடம் கொடுத்தான். நான் தடுக்கவில்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க இரண்டு பேருக்கும் ஒரே நடுக்கம். அவனுக்குக் கால் தெரியும் என்று பயம். எனக்கு முகம் தெரியும் என்று பயம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு ஹோல் நிறைந்திருந்தது. இருநூறு பேர், நான் சொன்னால் இரண்டாயிரம். முன் வரிசையில் நானும் நாகேஸ்வரியும். எங்களுக்கு அடுத்ததாகப் பலீலும் ஹமீமாவும். மேடையில் மலர்க் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற ஒரு கப்பல் கம்பனி முகாமையாளர். லவினா கணினிக்குப் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இவள் ஏற்கனவே பார்த்துவிட்டாள், பார்க்கவில்லை என்றது பொய் என்று தீர்மானித்தேன்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் கறுப்பு வெள்ளையில் புழுதி. புழுதிக்குள் நாங்கள். இவ்வளவு மெலிந்த மனிதர்களை கொழும்பு எப்படிப் போட்டிக்கு இறக்கியது என்று ஹோல் சிரித்தது. தூரத்திலிருந்து, முதுகுப் பக்கமாகப் பிடித்த படம். முகம் ஒன்றும் தெரியவில்லை. முதுகு இலக்கங்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. எனக்கு உயிர் வந்தது. நான் பலீலின் முழங்காலைத் தட்டினேன்.

கடைசி நிமிடம். வலப்பக்கத்திலிருந்து பந்து வட்டத்துக்குள் வருகிறது. எட்டாம் இலக்கம் ஓடி வருகிறது. தரையில் ஒரு மேட்டில் பட்டுப் பந்து துள்ளுகிறது. மட்டை வீசுகிறது. கோல்! ஹோல் முழுவதும் எழும்பிக் கைதட்டியது.

"திரும்பவும் போடுறன், பெரிசாக்கி, மெதுவா!" என்று லவினா கத்தினாள்.

பலீல் கண்களை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை. பந்து துள்ளியது. காலுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதற்குள்ளால் மைதானத்தின் மறு கரையில் நின்ற வெள்ளைக் குடை ஒன்று முழுதாகத் தெரிந்தது. பந்து மட்டையில்தான் பட்டது. சுத்தமான அடி.

"பலீல், கண்ணைத் திற."

"மாட்டன்."

"டேய், திறந்து பார். காலிலே படேல்ல. படவே இல்ல!"

லவினா மூன்றாம் முறை போட்டாள். பலீல் பார்த்தான். துள்ளிய மண் கட்டி ஒன்று அவனுடைய சப்பாத்தில் பட்டுத் தெறித்தது. அதுதான். அந்த மண்கட்டிதான் நாற்பத்தேழு வருடமாக அவனுடைய காலில் பந்தாக இருந்திருக்கிறது. அவன் குனிந்து தன் வலது காலைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து மேடையைப் பார்த்தான். தலைவரின் கையில் மண்ணிற உறை. அதில் அவனே முத்திரை குத்திக் கொடுத்திருந்தான்: எவ்வித உரிமையும் பாத்தியதையும் கிடையாது.

"ஸ்ரீஸ்கந்தராசா அவர்கள் மேடைக்கு வரவும்!" என்றார் தலைவர்.

ஏறினேன். கைதட்டல் மழை. ஒரு வார்த்தையும் பேசாமல் மாலையை வாங்கிக்கொண்டு இறங்கியிருந்தால் கதை முடிந்தது. ஃபிலிமும் என் பக்கம், பதிவேடும் என் பக்கம், சத்தியக்கடதாசியும் என் பக்கம். அப்படி ஒரு பாதுகாப்பு வாழ்க்கையில் எனக்குக் கிடைத்ததே இல்லை. ஆனால் கீழே பலீல், கைதட்டாமல், வலது கையை வலது முழங்காலில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். களவுக் கோலை இவ்வளவு காலம் வைத்திருப்பது பெரிய காரியமில்லை. நல்ல கோலை எப்படி வைத்திருப்பது?

மைக்கைப் பிடித்தேன். "இதை அடிச்சது நான் இல்ல. இந்தா முன்னுக்கு இருக்கிற பலீல். நாங்கள் ரெண்டு பேரும் சட்டை மாத்திப் போட்டனாங்கள்."

ஹோல் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது.

"அங்கிள் இன்டைக்குப் புதுப் பகிடியோட வந்திருக்கிறார்!" என்றது ஒரு குரல். "சிங்கத்தின்ட கதையைச் சொல்லுங்கோ!" என்றது மற்றொன்று.

"சத்தியமாச் சொல்லுறன்!"

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு உண்மை சொன்னேன், அதுவும் மைக்கில். ஒரு சனமும் நம்பவில்லை. தலைவர் என் தோளில் தட்டி, "தன்னடக்கம்" என்று சபைக்கு விளக்கிவிட்டு, உறையைப் பிரித்துச் சத்தியக்கடதாசியை உரத்து வாசித்தார். சிவப்பு முத்திரையைத் தூக்கிக் காட்டினார். பலீல் எழும்பி, "அது வந்து, பதிவேட்டின் பிரகாரம்..." என்று தொடங்கினான். அவனுக்கும் சேர்த்துக் கைதட்டினார்கள்.

அப்போதுதான் நாகேஸ்வரி எழும்பினாள். கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, திரையைக் காட்டிக் கேட்டாள்: "லவினா பிள்ளை, அந்தக் கோல் அடிச்சவரின்ர முதுகிலே என்ன நம்பர்?"

"எட்டு, அன்ரி."

"அப்ப அது இவர் இல்ல."

ஹோல் அமைதியானது. நாகேஸ்வரி குரலை உயர்த்தவில்லை. மீன்காரனிடம் நிறை குறைவு என்று சொல்லும் அதே குரல். "எட்டாம் மாடியிலே கடல் தெரியிற பிளாட் ஒண்டு வந்தது. இவர் வேண்டாம் எண்டு ஏழாம் மாடி எடுத்தவர். அங்க தெரியிறது பக்கத்து வீட்டுத் தண்ணித் தாங்கி. கலியாணத் திகதி எட்டு எண்டு ரெண்டு மாசம் தள்ளி வைப்பிச்சவர். இடியப்பம் எட்டுச் சாப்பிட மாட்டார், ஒண்டில் ஏழு, இல்லாட்டி ஒன்பது. இந்த மனிசன் எட்டாம் நம்பர்ச் சட்டையைப் போட்டு ஒரு மணித்தியாலம் ஓடினதெண்டு ஆரும் சொன்னா, அவர் பெரிய நீதவானா இருந்தாலும் நான் நம்ப மாட்டன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த ஹோலில் இருந்த பாதிப் பேர் எங்கள் ஆட்கள்தானே. அட்டமத்துச் சனி என்றால் என்னவென்று அவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. பின் வரிசையில் ஒரு வயதான மனிதர், "அது சரி, சனியோட விளையாடேலாது" என்றார். அதோடு தீர்ப்பு எழுதப்பட்டது.

"அப்ப அங்கிள் எங்க?" என்றாள் லவினா.

நாகேஸ்வரி திரைக்குக் கிட்டப் போனாள். கோலிலிருந்து ஆகத் தூரத்தில், இடது மூலையில், பதினோராம் இலக்கம் ஒன்று குனிந்து நின்றது. "இந்தா நிக்கிறார், சொக்ஸை இழுத்துக்கொண்டு. இப்பவும் நடக்கப் போனா நூறு அடிக்கு ஒருக்கா இப்பிடித்தான்."

மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். உலகப் பிரசித்தி பெற்ற அந்தக் கோல் விழுந்த நேரம் முழுவதும், பதினோராம் இலக்கம் சொக்ஸைத்தான் இழுத்தது. முதலில் இடது. பிறகு வலது.

மலர் ஏற்கனவே அச்சாகிவிட்டதால் லவினா ஒரு துண்டுத்தாள் அடித்து, ஐந்நூறு பிரதியிலும் ஒட்டினாள்: 'பக்கம் 12இல் ஸ்ரீஸ்கந்தராசா என்பதைப் பலீல் என வாசிக்கவும்.' நடுக்கோட்டையும் வெட்டி, வட்டத்துக்குள் என்று திருத்தியிருந்தாள்.

அடுத்த நாள் தொடக்க விழா. செயற்கைப் பச்சைத் தரையின் நடுவில் பினாங்குக் கப்டனும் பலீலும் குனிந்து, மட்டையோடு மட்டை மூன்று தரம் தட்டினார்கள். நான் கோட்டுக்கு வெளியே பலீலின் செருப்பைக் காவல் காத்தேன். முடித்துவிட்டு வந்தவன் செருப்பைப் போடாமல் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"உண்மையச் செல்லு, சிறி. இதுலே ஒனக்கி எனத்தியன் லாபம்?"

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாம நீ ஒரு கோலத் தரமாட்டே. நாப்பத்தேழு வருஷம் வெச்சீந்தவன். எனத்தியன் கேக்கப் போறே?"

"ஒண்டும் கேக்க மாட்டன்."

அவன் கண் இன்னும் சுருங்கியது. செருப்பைத் தூக்கி, உள்ளே ஏதாவது வைத்திருக்கிறேனா என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டான். எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு குளிர்ச்சி. நாற்பத்தேழு வருடம் நான் சுமந்ததை முழுசாக அவன் தலையில் ஏற்றிவிட்டேன். இனி அவன் முறை. வருகிற தீபாவளிக்கு ஒரு சட்டி பயற்றம் பணியாரம் அனுப்பப் போகிறேன். ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பார்த்துத்தான் சாப்பிடுவான்.

திரும்பி வரும்போது த்ரீவீலரில் நாகேஸ்வரி பம்பலப்பிட்டி வரை விரல்விட்டு ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோது மெதுவாகத் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ. உங்கட அப்பா கலியாணத்துக்குப் பேப்பர்த் துண்டோட ஒரு சாதகமும் அனுப்பினவர் எல்லோ?"

"ஓம்."

"துண்டிலே இருந்த கோல் பலீல் அண்ணையின்ர. அப்ப சாதகம் ஆரின்ர?"